மைல் ஒழுக்கத் துறையும் ஒரு வாளி முல்டெயும்

ஹால்வோர் செய்த ஒரே தவறு, படிவத்தில் கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலை எழுதியது.

விமான நிறுவனம் அனுப்பிய படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள். பதினான்காவது இப்படி இருந்தது: ‘உங்கள் வெகுமதிப் பயணச்சீட்டை இன்னொருவருக்கு அளித்ததற்கு ஈடாக எதையாவது பெற்றீர்களா? (பணம், பொருள், உழைப்பு, இதர)’. வேறு எந்த நாட்டு மனிதனாக இருந்தாலும் ‘இல்லை’ என்று எழுதிவிட்டுக் காப்பி போடப் போயிருப்பான். ஹால்வோர் நார்வேக்காரர். பேனாவை மூடினார், திறந்தார். எழுந்து ஜன்னல் வரை நடந்தார், திரும்பி வந்து உட்கார்ந்தார். பிறகு ‘பொருள்’ என்ற கட்டத்தில் கொட்டை எழுத்தில் ‘ஒரு வாளி முல்டெ’ என்று எழுதி அனுப்பிவிட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

இருபத்தாறு வருடம் கப்பல் பம்புகளைப் பழுது பார்ப்பதற்காக ஊர் ஊராகப் பறந்தவர் அவர். பூசானில் கப்பல் நின்றால் பூசான், சான்டோஸில் நின்றால் சான்டோஸ். அப்படிப் பறந்து பறந்து, பறந்த தூரத்துக்கு வெகுமதியாக டெர்னா ஏர்வேஸில் நாலு லட்சத்துச் சொச்சம் மைல் சேர்ந்திருந்தது. அதைக் கொடுத்தால் காசில்லாமல் பயணச்சீட்டு கிடைக்கும். ஓய்வு பெற்ற அன்று, இனிச் செத்தாலும் விமானம் ஏறுவதில்லை என்று சபதம் செய்தார். அதற்குள் ஓரிடத்தில் தங்கிப் பழகாத கால்களாகிவிட்டன. வீட்டிலும் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டேதான் இருப்பார்.

இரண்டு வீடு தள்ளி யோர்டிஸ் இருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள், ஹால்வோரைவிட நாலு வயது மூத்தவள். அவளுடைய ஒரே தங்கை சிக்னே நாற்பது வருடம் முன்பு ஒரு சிலி நாட்டுக்காரரைக் கட்டிக்கொண்டு வல்பரைசோவில் குடியேறியவள். ஜூலைக் கடைசியில் அங்கிருந்து தொலைபேசி வந்தது. பார்ப்பதென்றால் இந்த மாதத்துக்குள் வந்து பார்த்துவிடுங்கள் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். யோர்டிஸ் பயணச்சீட்டு வாங்கப் போனால், கோடை விடுமுறைக் கூட்டத்தில் எந்த விமானத்திலும் இடமில்லை. காலியாக இருந்தது ஒரே ஒரு இருக்கை. அது மைல் உள்ளவர்களுக்கென்று ஒதுக்கியது, காசுக்குக் கிடைக்காது. ஹால்வோர் கேள்விப்பட்ட பத்தாவது நிமிடத்தில் தம்முடைய மைல்களைக் கொடுத்து அதை அவள் பெயருக்கு எடுத்துவிட்டார். ஆகஸ்டு பதினொன்று, திங்கட்கிழமைப் பயணம்.

மறுநாள் காலையில் அவர் வாசற்படியில் ஒரு வாளி முல்டெ இருந்தது. மலைச் சதுப்பில் செடிக்கு ஒன்றாகக் காய்க்கும் மஞ்சள் பழம் அது. வருடத்தில் மூன்று வாரம் கிடைத்தால் உண்டு. ஒவ்வொரு வருடமும் யோர்டிஸ் ஒரு சின்னக் கிண்ணம் கொடுப்பாள். இந்த வருடம் வாளியாகக் கொடுத்துவிட்டாள்.

படிவம் போய் ஐந்தாம் நாள், செவ்வாயன்று, டெர்னாவின் மைல் ஒழுக்கத் துறையிலிருந்து கடிதம் வந்தது. ‘பண்டமாற்று ஐயம் காரணமாக மேற்படி பயணச்சீட்டு உறைநிலையில் வைக்கப்பட்டுள்ளது’ என்றது.

ஹால்வோர் தொலைபேசியை எடுத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நடந்தார். முதல் சுற்றில் பியானோ வாசித்தார்கள். நாலாவது சுற்றில் ஒரு பெண் குரல் பதிவு, “உங்க நேர்மை எங்களுக்கு முக்கியம். காத்திருக்கிற நேரத்துல பத்தாயிரம் மைல் வாங்கினா நாலாயிரம் மைல் இலவசம். வாங்க ஒண்ணை அழுத்துங்க” என்றது. விற்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவனிடமே விற்கிறார்களே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினேழாவது சுற்றில் ஒரு ஆள் வந்து, நாளைக்கு மதிப்பீட்டு அதிகாரி வீட்டுக்கு வருவார் என்று சொல்லி வைத்துவிட்டான்.

மதிப்பீட்டு அதிகாரி விபேக்கா புதன்கிழமை பத்து மணிக்கு வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் தராசு, பை நிறைய முத்திரைத் தாள், தனியாக ஒரு வெள்ளிக் கரண்டி.

“அந்த வாளி எங்க ஐயா?”

“ஜாம் பண்ணிட்டேன்மா. பதினோரு பாட்டில் வந்துச்சு. ரெண்டு தீந்துடுச்சு.”

“ஆதாரத்தைத் தின்னுட்டீங்களா?”

“காலைல ரொட்டிக்குத் தொட்டுக்கிட்டேன்.”

அவள் எழுதிக்கொண்டாள். ஒரு பாட்டிலைத் திறந்து ஒரு கரண்டி சாப்பிட்டாள். கண்ணை மூடினாள். ஐயம் தீரவில்லை போலிருக்கிறது, இன்னொரு கரண்டி சாப்பிட்டாள். “வாஃபிள் இருக்கா? வெறும் வாயில மதிப்புப் போட முடியாது” என்றாள். ஹால்வோர் சுட்டுக் கொடுத்தார். நாலு வாஃபிளுக்கு அப்புறம் மதிப்பீடு ஒருவாறு முடிந்தது.

“உங்க வழக்கு ரொம்ப எளிசுங்க. பொதுச் சதுப்புல பறிச்ச பழம்னா அது யார் வேணா பறிக்கலாம், அதுக்கு விலை கிடையாது. விலையில்லாததக் குடுத்து எதையும் வாங்க முடியாது. அப்ப இது விற்பனை இல்ல. தனியார் நிலத்துல பறிச்சதுன்னா பண்டமாற்று. சீட்டு ரத்து, உங்க மைல் மொத்தமும் பறிமுதல். அதனால அந்தம்மா எந்த இடத்துல பறிச்சாங்கன்னு மட்டும் சொன்னாப் போதும்.”

ஹால்வோர் நடையை நிறுத்தினார். “எந்த இடம்னு... சொல்லணுமா?”

“வரைபடத்துல ஒரு புள்ளி வெச்சாப் போதும்” என்ற விபேக்கா, இரண்டு பாட்டிலை முத்திரையிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். மாதிரிக்கு ஒன்று, மாதிரி கெட்டுப்போனால் வைத்துக்கொள்ள ஒன்று.

எங்கள் நார்வேயில் பக்கத்து வீட்டுக்காரர் வருடம் எவ்வளவு சம்பாதிக்கிறார் என்று வரித்துறையிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள், அது ரகசியம் இல்லை. யாருக்கு என்ன வியாதி என்று கடையில் வரிசையில் நின்றபடியே பேசிக்கொள்வோம். ஆனால் முல்டெ பறிக்கும் இடத்தை மட்டும் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. கணவனிடம் சொல்லாமல் போய்ச் சேர்ந்த பெண்கள் உண்டு. அப்படியே யாராவது கேட்டு, வாய் திறந்து ஒரு இடத்தைச் சொன்னால், கேட்டவர் அந்தத் திசையை விட்டுவிட்டு மற்றத் திசைகளில் தேடுவார்.

யோர்டிஸிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஹால்வோர் அவள் வீட்டு வாசலில் மூன்று முறை முன்னும் பின்னும் போனார். அவளே கதவைத் திறந்தாள்.

“ஏம்ப்பா, செக்குமாடு மாதிரி என் வாசல்லயே சுத்திக்கிட்டு இருக்க?”

அவர் சொன்னார். அவள் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அந்த இடம் எனக்கும் சிக்னேவுக்கும்தான் தெரியும்” என்றாள். “நான் ஒன்பது வயசு, அவ ஏழு. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டுச் சுத்தினப்ப கண்டுபிடிச்சோம். எங்கம்மா கேட்டே சொல்லல. அடி வாங்கினோம், அப்பவும் சொல்லல. ஒவ்வொரு ஆகஸ்டும் அவ ஃபோன் பண்ணினா மொத கேள்வி, உடம்பு எப்படி இருக்குன்னு இல்ல. ‘யாரும் பாக்கலையே?’ அதான்.”

“விடுங்க அக்கா. நான் கெஞ்சிப் பாக்கறேன். வேணும்னா கால்ல விழறேன்.”

“உன் முதுகு பிடிச்சுக்கும். அப்புறம் உன்னைத் தூக்க வேற ஆள் தேடணும்” என்றவள் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை ட்ரொண்ட்ஹைமில் விசாரணை. இரண்டு மணி நேரப் பயணம். ரயிலில் யோர்டிஸ் உட்கார்ந்திருக்க, ஹால்வோர் நின்றுகொண்டே வந்தார். டெர்னா கட்டடத்தின் ஏழாவது மாடியில், சுவர் முழுக்க மேகப் படம் ஒட்டிய அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் துறை இயக்குநர் ப்ரேபன், வழுவழுவென்று சவரம் செய்த முகம். இடப்பக்கம் விபேக்கா. வலப்பக்கம் நிறுவனத்தின் அற ஆலோசகர், ஓய்வுபெற்ற பாதிரியார் எயிலிஃப்.

ப்ரேபன் எழுந்து நின்று பேசினார். உட்கார்ந்து சொன்னால் போதாத விஷயம் என்று நினைத்தார் போலும்.

“ஐயா, உங்க பேர்ல இருக்கிற மைல் உங்களோடதுன்னு நினைச்சிட்டீங்க. அது எங்க சொத்து. உங்ககிட்ட இருக்கு, அவ்வளவுதான். மைலை நாங்க வங்கிக்கு விக்கறோம். பெட்ரோல் பங்குக்கு விக்கறோம். நாய்த்தீனிக் கடைக்கு, சவப்பெட்டிக் கடைக்குக்கூட விக்கறோம். எங்க விமானத்துல இருக்கிற சீட்டைவிட மூணு மடங்கு மைல் வித்தாச்சு. இதெல்லாம் ஒரு நம்பிக்கையில நடக்குது. இதுல ஒரு உறுப்பினரும் விக்க ஆரம்பிச்சா, அப்புறம் அது வியாபாரமாயிடாதா?”

“நீங்க விக்கறது?” என்றார் ஹால்வோர்.

“அது கூட்டுறவு.”

பாதிரியார் எயிலிஃப் கனிவாகக் குறுக்கிட்டார். “தம்பி, இந்தத் திட்டத்துக்குப் பேரே விசுவாசத் திட்டம். விசுவாசத்தை விக்கவே கூடாது. வாங்கத்தான் செய்யலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் சலுகை இருக்கு. என்னையே எடுத்துக்குங்க. இந்தப் பதவிக்கு நான் ஒரு பைசா சம்பளம் வாங்கறதில்ல. வருஷத்துக்கு ஆறு லட்சம் மைல் அன்பளிப்பு, அவ்வளவே. மைலுக்குப் பண மதிப்பு கிடையாதுன்னு விதியிலயே இருக்கு, அதனால வரியும் கிடையாது. போன வாரம் மாலத்தீவு போயிருந்தேன். ஒரு பைசா மதிப்பில்லாத பயணம். மனசுக்கு எவ்வளவு லேசா இருந்துச்சு தெரியுமா!”

விபேக்கா யோர்டிஸைப் பார்த்துத் திரும்பினாள். “மேடம், சீட்டு கிடைச்சதுக்கு இவருக்கு நன்றி சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“எத்தனை தடவை?”

யோர்டிஸ் யோசித்தாள். கொடுத்த அன்று ஒன்று. மறுநாள் வழியில் பார்த்தபோது, நேற்றைக்காக ஒன்று. அது எங்கள் பழக்கம். ஹால்வோர் தம் மனைவியின் கல்லறைக்குப் பூ வைக்கப் போனபோது ஒன்று. இன்று ரயிலில் ஒன்று. “நாலு இருக்கும்.”

“மூணுக்கு மேல போனா ஈடாக் கருதப்படும், விதி பத்தொன்பது.” விபேக்கா எழுதிக்கொண்டாள். “பரவாயில்ல, பழம் எங்க பறிச்சதுன்னு சொல்லுங்க, நன்றியை மன்னிச்சிடலாம்.”

ப்ரேபன் மேசைமேல் பெரிய வரைபடத்தை விரித்தார். மூன்று பேரும் அதன்மேல் குனிந்தார்கள். பாதிரியார் கண்ணாடியை மாற்றிக்கொண்டார்.

ஹால்வோரால் தாங்க முடியவில்லை. “அக்கா, வேணாம். எந்திரிங்க, போலாம்” என்றார்.

யோர்டிஸ் அவரைப் பார்க்கவில்லை. வரைபடத்தில் விரலை வைத்தாள். “ஸ்னோசாவுக்கு வடக்க, மூணாவது கால்நடைத் தடுப்பு தாண்டி வண்டியை நிறுத்தணும். பிளந்த பிர்ச் மரத்துக்கிட்ட இடப்பக்கம் இறங்கி, ஓடையோடயே இருபது நிமிஷம் ஏறினா ஒரு சின்னக் குளம். குளத்துக்குப் பின்னால. பொது நிலம்.” விரலை எடுத்தாள். “நல்லா எழுதிக்கிட்டீங்களா?”

“ஆமா, ஆமா” என்றார்கள் மூன்று பேரும். மூன்று பேரும் தனித்தனித் தாளில் எழுதியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை தீர்ப்பு மின்னஞ்சலில் வந்தது. ஹால்வோர் அடுப்படியில் நின்றபடியே படித்தார்.

‘முல்டெ இருக்கும் உண்மையான இடத்தை ஒரு நார்வே குடிமகள் சாட்சிகள் முன்னிலையில் கூறியதாக வரலாறு இல்லை. எனவே மேற்படி வாக்குமூலம் பொய் என முடிவு செய்யப்படுகிறது. பயணச்சீட்டு ரத்து. பெற்ற ஈட்டை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் அதே அளவில், அதே வடிவில் திருப்பிக் கொடுத்தால் மேல்முறையீடு பரிசீலிக்கப்படும். ஜாம் ஏற்கப்பட மாட்டாது.’

அவர் அதை யோர்டிஸிடம் படித்துக் காட்டினார். தங்கை சாகக் கிடக்கிற ஒருத்தி, ஐம்பத்துநாலு வருட ரகசியத்தைப் பிடுங்கி மேசையில் வைத்திருக்கிறாள். அதைப் பொய் என்று எழுதிவிட்டார்களே என்று அவருக்கு ஆறவேயில்லை. விமானம் விமானமாக ஏறி இறங்கிய இருபத்தாறு வருடமும் வீண் என்று தோன்றியது.

“நாளைக்குக் காலைல வாளி எடுத்துக்கிட்டு வா” என்றாள் யோர்டிஸ்.

“எங்க?”

“எங்கன்னு ஏழாவது மாடியில வெச்சு ஊருக்கே சொல்லியாச்சே. உனக்குத் தெரிஞ்சா மட்டும் என்ன குறைஞ்சிடப் போகுது? பறிச்சு உன் பழத்த உன்கிட்ட குடுக்கறேன், நீ என்கிட்ட திருப்பிக் குடு, எழுதி வாங்கிக்குவோம்.”

சனிக்கிழமை ஆறு மணிக்கு அவள் வண்டியை ஓட்டினாள், ஹால்வோர் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலை ஆட்டிக்கொண்டே வந்தார். மூன்றாவது தடுப்புக்கு முன்னாலேயே சாலையோரத்தில் ஒரு மின்சாரக் கார் நின்றது. அதன்மேல் யாரோ தழைகளை வெட்டிப் போட்டு மூடியிருந்தார்கள். அடுத்த வளைவில் இன்னொன்று. பிர்ச் மரத்தடியில் ஒரு சைக்கிள் சாய்ந்திருந்தது. யோர்டிஸ் இறங்கி நடந்தாள். அவ்வளவு வேகமாக அவள் நடந்து ஹால்வோர் பார்த்ததில்லை.

குளத்துக்குப் பின்னால் சதுப்பு முழுக்க மஞ்சளாக இருந்தது. நடுவில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு இயக்குநர் ப்ரேபன் மண்டியிட்டிருந்தார். பக்கத்தில் இரண்டு வாளி, ஒன்று நிறைந்துவிட்டது. அவருக்கு முதுகு காட்டி, ஒரு மேட்டுக்கு அந்தப்பக்கம் விபேக்கா பறித்துக்கொண்டிருந்தாள். இன்னும் தள்ளி, ஜூனிப்பர் புதருக்குள்ளிருந்து பாதிரியாரின் வெள்ளைத் தலை எழும்பி எழும்பி அமிழ்ந்தது. மூன்று பேருக்கும் மற்ற இரண்டு பேர் அங்கே இருப்பது அதுவரை தெரியாது.

“காலை வணக்கம்” என்றாள் யோர்டிஸ்.

மூன்று தலையும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. முதலில் அவளைப் பார்த்தார்கள், அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த இரண்டாவது பார்வையில்தான் அதிக வெறுப்பு இருந்தது.

ப்ரேபன் எழுந்தார், முழங்காலிலிருந்து தண்ணீர் சொட்டியது. “இது கள ஆய்வு” என்றார்.

“நானும் அதுக்குத்தான்” என்றது புதர். “தனிப்பட்ட முறையில.”

“மேடம் சொன்ன இடத்துல பழம் இல்லைன்னு உறுதி பண்ண வந்தோம்” என்றாள் விபேக்கா, வாளியைக் காலால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே.

ஹால்வோருக்கு வந்த கோபத்தில், நாள் முழுக்க அலையும் கால்கள் அப்படியே நின்றுவிட்டன. “இல்லைன்னு உறுதியாயிடுச்சா?” என்றார். “எவ்வளவு இல்லை, ரெண்டே முக்கால் வாளியா, மூணா?”

பாதிரியாரின் தலை புதருக்குள் அமிழ்ந்தது.

“சீட்டைத் திருப்பிக் குடுங்க” என்றார் ஹால்வோர். “இப்பவே. இல்லைன்னா உங்க மூணு பேரையும் வாளியோட ஃபோட்டோ எடுத்து, இடத்தையும் எழுதி ஸ்னோசா மளிகைக்கடை வாசல்ல ஒட்டுவேன். நாளைக்கு இந்தச் சதுப்புல மாவட்டமே நிக்கும்.”

ப்ரேபனின் முகம் வெளுத்தது. வேலை போய்விடும் என்பதற்காக அல்ல. மாவட்டமே நிற்கும் என்றதற்காக. அவர் பூட்ஸ் சளசளக்க மேட்டின்மேல் ஏறினார், சிக்னல் கிடைக்கும் இடம் தேடித் தொலைபேசியை உயர்த்திப் பிடித்தார். வாக்குமூலம் நேரில் சரிபார்க்கப்பட்டது, நிலம் பொது, பழம் விலையற்றது, ரத்து நீக்கம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு நிமிடத்தில் ஹால்வோரின் தொலைபேசி சிணுங்கியது. யோர்டிஸின் பெயரில் பயணச்சீட்டு, திங்கட்கிழமை, ஜன்னலோர இருக்கை.

“ஒரே ஒரு வேண்டுகோள்” என்றார் ப்ரேபன், குரலைத் தாழ்த்தி. “இந்த இடத்தைப் பத்தி நீங்க ரெண்டு பேரும் இனிமே வெளிய எங்கயும் பேசக் கூடாது.”

“அப்ப சீட்டுக்கு ஈடா எங்க வாயை வாங்கிக்கறீங்க.”

“சேச்சே, என்ன வார்த்தை இது?” இயக்குநர் உண்மையிலேயே புண்பட்டுப்போனார். “இதுக்குப் பேர் நல்லெண்ணம்.”

பாதிரியார் புதருக்குள்ளிருந்து ஆமோதித்தார். மூன்று பேரும் மறுபடி குனிந்தார்கள். இப்போது ஒளிந்துகொள்ளத் தேவையில்லை என்பதால் வேகம் கூடியிருந்தது.

யோர்டிஸ் பறிக்கவில்லை. குளத்தோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து, பூட்ஸ் தடங்களில் தண்ணீர் ஊறி நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “பாதிரியாரே, அங்க மிதிக்காதீங்க. அது இன்னும் செங்காய், அடுத்த வாரம்தான் பழுக்கும்” என்று சொன்னாள். சொல்லிவிட்டு ஏன் சொன்னோம் என்று நினைத்தாளோ என்னவோ, எழுந்துகொண்டாள்.

திரும்பும்போது ஹால்வோர் வண்டியை ஓட்டினார்.

“போனதும் சிக்னே கேப்பா” என்றாள் யோர்டிஸ், முதல் தடுப்பைத் தாண்டியதும். “என் முகத்தப் பாத்த உடனே அதைத்தான் கேப்பா.”

“நீங்க என்ன சொல்லுவீங்க அக்கா?”

யோர்டிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “யாரும் பாக்கலடி” என்றாள். சரியாக வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, “யாரும் வரலடி, அப்படியேதான் இருக்கு” என்றாள். அதுவும் திருப்தியாக இல்லை. மறுபடி சொன்னாள். ஊர் எல்லை வரை, குரலை மாற்றி மாற்றி, சில சமயம் லேசாகச் சிரித்தும், சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டு வாசலில் வண்டி நின்றபோது சொன்னதை ஹால்வோரே நம்பிவிட்டார்.